ஆய்வு முறையியல் அறிமுக ஆன்லைன் வகுப்பு: சேரலாமா, எதில் சேரலாம்?

தென்பெண்ணை

எல்லாருக்கும் வணக்கம். சமூகப்பணியில் எம்.ஏ. முடித்துவிட்டு விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மகளிர் சுய உதவிக் குழுக்களோடுதான் முழு வேலையும். எம்.ஏ.வில் ரிசர்ச் மெத்தடாலஜி பேப்பர் இருந்தது. கருதுகோள் என்றால் என்ன, மாறி எத்தனை வகைப்படும் என்று வரையறைகளை எழுதி மார்க் வாங்கியாச்சு. இப்போது நிஜமாகவே ஒரு ஆய்வு செய்ய ஆசை.

கேள்வி இதுதான்: 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்ததே, அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கிராமப் பெண்கள் வேலைக்குப் போகும் தூரம் கூடியிருக்கிறதா? பஸ் ஸ்டாண்டில் நின்று 384 பெண்களிடம் கேட்கலாம் என்று திட்டம். (384தான் போடணும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.)

அதற்கு முன் ஒரு ஆன்லைன் வகுப்பு முடித்துவிட்டால் தைரியமாக இருக்கும். எது நல்லது? தமிழ் வழியில் படித்தவளுக்குப் புரியுமா? சர்டிஃபிகேட்டுக்கு மதிப்பு உண்டா?

புள்ளிமான்

தோழி, தமிழ்நாட்டில் பலரும் போவது ஸ்வயம் என்ற மத்திய அரசின் ஆன்லைன் வகுப்புத் தளத்துக்கு. அதில் ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகளில் சேர்வதும் வீடியோ பார்ப்பதும் இலவசம். தேர்வு எழுதத்தான் 1,000 ரூபாய். அசைன்மென்டுக்கு 25 மார்க், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. முதலாவதில் 10, இரண்டாவதில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். 12 வார வகுப்பென்றால் நன்றாகச் செய்த 8 அசைன்மென்டுகளை மட்டும் கணக்கில் எடுப்பார்கள், நடுவில் ஒரு வாரம் தடைபட்டாலும் குடி முழுகாது. பேராசிரியர்கள் நம் ஊர் ஆட்கள். ஆங்கிலம் காதுக்குப் பழகியதாக இருக்கும்.

கோர்செரா என்ற வெளிநாட்டு ஆன்லைன் வகுப்புத் தளத்தில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் ‘குவான்டிடேடிவ் மெத்தட்ஸ்’ எனக்கு மிகவும் பிடித்தது. அறிவியல் என்றால் என்ன என்று கிரேக்கர் காலத்தில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டுத் தத்துவவாதி கார்ல் பாப்பர் வரை முதல் வாரத்திலேயே ஓட்டிவிடுவார்கள். அங்கேதான் நிறையப் பேர் ஓடிவிடுவது. பொறுத்துக்கொண்டால் அளவிடுதல், மாதிரி எடுத்தல், ஆய்வு நெறி என்று வரும் வாரங்கள் தங்கம். அதே பல்கலைக்கழகம் நேர்காணல், உற்றுநோக்கல் பற்றித் தனி வகுப்பும் வைத்திருக்கிறது. லண்டன் சோவாஸ் கல்லூரியின் வகுப்பு ஒன்று உண்டு. அது ஆய்வுக்கேள்வியைச் செதுக்குவதைப் பற்றித்தான் அதிகம் பேசும். உங்களுக்கு அதுவும் ஒத்துவரும். கோர்செராவில் எது இலவசம், எதற்குக் காசு என்பது மாறிக்கொண்டே இருக்கும், சேருமுன் ஒருமுறை பாருங்கள்.

தமிழ் வழி பற்றிய கவலை வேண்டாம். எழுத்து ஓடும் வசதியைப் போட்டுக்கொண்டு வேகத்தைக் குறைத்து வைத்தால் போதும்.

நடுநிசி_பிஎச்டி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்த ஆன்லைன் வகுப்பெல்லாம் சேர்வதோடு சரி. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய வகுப்புகளை முடித்தவர்கள் 2017-18இல் 3 சதவீதம் சொச்சம்தான் என்று 2019இல் சயன்ஸ் இதழிலேயே கட்டுரை வந்தது. நூறு பேரில் மூணு பேர்! அதற்கு ஒரு நல்ல பாடப்புத்தகத்தை வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளலாம். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்றுக்கொடுக்கும் யூடியூப் வீடியோக்கள் ஆயிரம் இருக்கின்றன. நேராக வேலையில் இறங்குங்க மேடம்.

புள்ளிமான்

அந்த 3 சதவீதத்தை எதால் வகுத்து எடுத்தார்கள் என்று சொல்லவில்லையே தம்பி? பேரைப் பதிவு செய்த எல்லாரையும் சேர்த்து வகுத்த கணக்கு அது. அதில் பாதிக்கு மேல் ஒருநாள்கூட வகுப்பைத் திறந்து பார்க்காதவர்கள். அதே கட்டுரையில், பணம் கட்டிச் சான்றிதழ்ப் பாதையில் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 46 சதவீதம் என்றும் இருக்கிறது. பணம் கட்டியவர்கள் முதலிலேயே உறுதியாக இருந்தவர்கள் என்பதால் அதையும் வைத்துப் பெருமைப்பட முடியாது. ‘பணம் கட்டினால் முடித்துவிடுவோம்’ என்று யாராவது முடிவு கட்டினால் அதுவும் பிழை.

சதவீதத்தைக் கண்டால் ‘எதில் சதவீதம்?’, ‘இதற்குள் வந்தவர்கள் யார், வராதவர்கள் யார்?’ என்று கை தானாக நிற்க வேண்டும். அறிமுக வகுப்பில் வாங்க வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்பதை ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். அதே வேலைக்கு ஜமோவி என்ற மென்பொருள் காசில்லாமலே கிடைக்கிறது.

களத்துமேடு

புள்ளிமான் சொன்னதைப் பிடித்துக்கொண்டே நான் வருகிறேன். கணக்கெடுப்பு வேலைகளில் ஊர் ஊராக அலைந்து தலை நரைத்தவள் நான். தென்பெண்ணை, உன் கேள்வி அருமையான கேள்வி. ஆனால் அந்த பஸ் ஸ்டாண்ட் யோசனையைக் கைவிட்டுவிடு கண்ணு.

யோசித்துப் பார். பஸ் ஸ்டாண்டில் உனக்குக் கிடைப்பவள் யார்? ஏற்கனவே பஸ்ஸில் போகிறவள். டவுன் பஸ்ஸே வராத ஊர்க்காரி அங்கே இருக்க மாட்டாள். ஷேர் ஆட்டோவில் போகிறவள் இருக்க மாட்டாள். கைக்குழந்தையை விட்டுவிட்டு வர முடியாமல் ஊருக்குள்ளேயே நூறு நாள் வேலைக்குப் போகிறவள், ‘மாமியார் விடமாட்டார்’ என்று வாசலோடு நின்றவள், இவர்கள் யாருமே உன் கேள்வித்தாளில் ஏறமாட்டார்கள். வந்த பெண்களை மட்டும் கேட்டுவிட்டு ‘இலவசப் பயணத்தால் பெண்கள் வெளியே வருகிறார்கள்’ என்று எழுதினால், வெளியே வந்தவர்கள் வெளியே வந்திருக்கிறார்கள் என்றுதான் நிரூபித்திருப்பாய்.

உலகப் புகழ்பெற்ற உதாரணம் உண்டே. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குத் தபால் அட்டை அனுப்பி, 23 லட்சம் பேரின் பதிலை வாங்கி, லாண்டன் ஜெயிப்பார் என்று போட்டது. ஜெயித்தது ரூஸ்வெல்ட், அதுவும் 60 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கி. டெலிபோன் புத்தகத்திலும் கார் வைத்திருப்போர் பட்டியலிலும் பெயர் எடுத்தார்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அந்த இரண்டும் இருந்தவன் யார்? போதாதற்கு, வாங்கியவர்களில் நாலில் ஒருவர்கூடத் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பாதவர்களின் மனசு வேறு மாதிரி இருந்தது. அதைவிட எத்தனையோ மடங்கு சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு காலப் என்பவர் ரூஸ்வெல்ட் பக்கம் சரியாகச் சொன்னார்.

தென்பெண்ணை

அக்கா, தலை சுற்றுகிறது. நல்ல சுற்றல்தான். அப்போ 384? எங்கள் வகுப்பில் ஆய்வேடு எழுதிய எல்லாரும் இந்த எண்ணைத்தான் போட்டார்கள்.

புள்ளிமான்

384 வந்த வழியைச் சொல்கிறேன். 95 சதவீத நம்பிக்கை மட்டத்துக்குப் புள்ளியியல் அட்டவணை தரும் எண் 1.96. அதன் வர்க்கத்தை 0.5 × 0.5ஆல் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் வகுங்கள். 384.16. அவ்வளவுதான் ரகசியம். மிகப் பெரிய மக்கள்தொகையில் ஒரு சதவீதத்தை, கூடக்குறைய 5 புள்ளிக்குள் சொல்ல வேண்டுமென்றால் இத்தனை பேர்.

இதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: எல்லாருக்கும் சம வாய்ப்புள்ள குலுக்கல் மாதிரி. பஸ் ஸ்டாண்டில் கண்ணில் பட்டவர்களுக்கும் கூகுள் ஃபார்மை வாட்ஸப் குழுவில் தள்ளிவிட்டுக் கிடைத்தவர்களுக்கும் இந்தச் சூத்திரம் பேசவே பேசாது. அங்கே 384 போட்டாலும் 3,840 போட்டாலும் சாய்வு (ஒரு பக்கமாகவே தவறுவது) அப்படியே இருக்கும். பதில் மட்டும் உறுதியானது போலத் தோன்றும். அது இன்னும் ஆபத்து.

முறையாகக் குலுக்கி எடுத்த 100 பேரே போதும் என்றால் பிழை கூடக்குறைய 10 புள்ளி. தனி ஆளாகச் செய்யும் முதல் ஆய்வுக்கு அது கேவலமில்லை. வெளிப்படையாக எழுதிவிட்டால் சரி. ஆனால் வயது வாரியாக, சாதி வாரியாகப் பிரித்துப் பேச நினைத்தால் ஒவ்வொரு பிரிவிலும் ஆள் குறைந்து பிழை எகிறும். அந்த ஆசையை இப்போதே அடக்கிக்கொள்ளுங்கள்.

வழி இருக்கிறது. டவுன் பஸ் அடிக்கடி வரும் ஊர், எப்போதாவது வரும் ஊர், வரவே வராத ஊர் என்று பிரித்து ஒவ்வொன்றிலும் சில ஊர்களைக் குலுக்கி எடுங்கள். ஊருக்குள் வாக்காளர் பட்டியல் இருக்கிறது. பாகம் வாரியாகத் தேர்தல் ஆணையத் தளத்திலேயே கிடைக்கும். 1,200 பெண்கள் இருந்து 60 பேர் வேண்டுமென்றால் இருபதில் ஒருவர். 1இலிருந்து 20க்குள் ஒரு சீட்டு எடுங்கள், 7 வந்தால் 7, 27, 47 என்று போய்க்கொண்டே இருங்கள். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது, திரும்ப அதே வீட்டுக்குப் போக வேண்டும். வேலைக்குப் போகிறவள் வீடுதான் பகலில் பூட்டியிருக்கும்!

வல்லைவெளி

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதிறன். நாங்களும் இதே பட்டியல் பிரச்சினையோடதான் மல்லுக்கட்டுறம். எங்கட வடக்கு கிழக்கு முழுக்க 1981க்குப் பிறகு சனத்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2012இலதான். 2001இல எடுத்தது எல்லா மாவட்டத்துக்கும் முழுமையா வரேல்லை. இடையில எத்தனை இடப்பெயர்வு, எத்தனை பேர் வெளிநாடு. பழைய பட்டியலை வைச்சு வீடு தேடிப் போனா அங்க காணி மட்டும்தான் நிக்கும். கிராம சேவையாளரிட்ட இருக்கிற பதிவைப் பாத்து, பிறகு ஊருக்குள்ள நடந்து வீடுகளை நாங்களே குறிச்செடுத்துத்தான் மாதிரி எடுக்கிறது.

தென்பெண்ணை தங்கச்சி, உங்கட வாக்காளர் பட்டியலிலையும் புதுசா கலியாணம் கட்டி வந்த பிள்ளையின்ர பேர் தாய்வீட்டு ஊரில நிக்கும், பாத்துக்கொள்ளுங்கோ. நீங்கள் தேடுற ஆளே அவதானே.

களத்துமேடு

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் தம்பி. இங்கேயும் 2011க்கு அடுத்த கணக்கெடுப்பு நேரத்துக்கு நடக்கவில்லை. 2021இல் எடுக்க வேண்டியது தள்ளிப்போனது. 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுக்கே 2011 பட்டியல்தான் அடிப்படை. வீடுகளைப் புதிதாகக் குறித்தெடுத்துப் பிறகு மாதிரி எடுப்பது அவர்களுக்கும் உண்டு.

நடுநிசி_பிஎச்டி

இவ்வளவு பாடுபட வேண்டுமா? மாவட்ட வாரியாக எத்தனை பெண்கள் இலவசமாகப் பயணம் செய்தார்கள் என்று போக்குவரத்துத் துறையிடம் வாங்குங்கள். பெண்களின் வேலைப் பங்கேற்பை அரசுப் புள்ளிவிவரத்தில் எடுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று ஒட்டுறவு (கோரிலேஷன்) போட்டால் பேப்பர் ரெடி. 2021க்கு முன், 2021க்குப் பின் என்று ஒரு ஒப்பீடும் போடலாம். ஜர்னலில் இதைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

புள்ளிமான்

இரண்டிலுமே குழி இருக்கிறது, தம்பி.

முதலாவது. பயணம் அதிகமுள்ள மாவட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்களும் அதிகம் என்று வந்தால், பயணம் செய்த பெண்தான் வேலைக்குப் போனாள் என்று ஆகாது. 1950இல் ராபின்சன் என்ற அமெரிக்க சமூகவியலாளர் இதைப் போட்டு உடைத்தார். 1930 கணக்கெடுப்பை மாநிலம் மாநிலமாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவும் அதிகம். ஆள் ஆளாகப் பார்த்தாலோ, வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் எழுத்தறிவு குறைவு. வந்தவர்கள் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் போய்க் குடியேறியதால் வந்த மாயம். மாவட்டக் கணக்கை வைத்து மனுஷி பற்றிப் பேச முடியாது என்பது அதிலிருந்து வந்த எச்சரிக்கை.

இரண்டாவது இன்னும் மோசம். இலவசப் பயணம் தொடங்கியது 2021 மே 8. கொரோனா இரண்டாம் அலைக்காக முழு ஊரடங்கு வந்தது மே 10. பஸ்ஸே ஓடவில்லை! அதற்கு முந்தைய ஒரு வருஷமும் ஊரடங்கும் வேலையிழப்புமாகக் கிடந்தது. ‘முன்’ என்று எந்த மாதத்தை வைப்பீர்கள்? 2020ஐ வைத்தால் எந்தத் திட்டமும் அதிசயம் செய்ததாகத்தான் தெரியும். 2019ஐ வைத்தால் நடுவில் புகுந்த அத்தனை மாற்றமும் சேர்ந்து வரும். வகுப்பில் ‘உள் ஏற்புடைமைக்கு வரும் அச்சுறுத்தல்கள்’ என்று, மாற்றத்துக்கு வேறு எதெல்லாம் காரணமாக இருக்கலாம் என்பதற்கு ஒரு பட்டியல் போடுவார்கள். தூக்கம் வரும். இந்த இரண்டு தேதிகளை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் தூக்கம் வராது.

தென்பெண்ணை

அந்தத் தேதிகளை நான் யோசிக்கவே இல்லை. அப்போ காரணம் சொல்லவே முடியாதா?

புள்ளிமான்

‘இதனால்தான் அது நடந்தது’ என்று அடித்துச் சொல்ல முடியாது. டவுன் பஸ் உள்ள ஊரையும் இல்லாத ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், கொரோனா இரண்டு ஊருக்கும்தான் வந்தது. ஆனால் பஸ் போகும் ஊர் ரோட்டோர ஊராக, மில்லுக்குப் பக்கத்து ஊராக இருக்கும். பஸ்ஸால் வந்த வித்தியாசமா, ரோட்டால் வந்ததா என்று எதிராளி கேட்பான். கேட்கட்டும். கேள்வியைச் சுருக்குங்கள்: ‘வேலைக்குப் போகும் இடத்தை முடிவு செய்யும்போது பஸ் கட்டணம் எங்கே வருகிறது?’ இதற்கு உங்களால் நேர்மையாக விடை தேட முடியும்.

களத்துமேடு

அந்தச் சுருக்கிய கேள்விக்குத் தாளைவிட உட்கார்ந்து பேசுவதுதான் உதவும். அதில் ஒரு சங்கடம் உண்டு. நீ குழுவுக்குக் கடன் வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்தின் ஆள். உன்னிடம் எந்தப் பெண்ணாவது ‘எதுவும் மாறலை, எப்பவும் போலத்தான்’ என்று சொல்வாளா? நீ எதைக் கேட்க விரும்புகிறாயோ அதைச் சொல்லுவாள், டீயும் போட்டுக் கொடுப்பாள். குழுத் தலைவியைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் சுத்தம். உங்கள் நிறுவனம் வேலை செய்யாத ஊர்களாகப் பார்.

நாம் எந்த வீட்டுத் திண்ணையில் உட்காருகிறோம் என்பதை ஊர் பார்த்துக்கொண்டே இருக்கும். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார், ஸ்ரீபுரம் என்று பெயர் மாற்றி எழுதினார். தங்கியது அக்ரகாரத்தில். அந்த ஊரில் மற்ற தெருக்காரர்கள் அவரை அக்ரகாரத்து ஆளாகத்தான் பார்த்திருப்பார்கள். மேதையானாலும் தங்கிய வீடு கூடவே வரும். நீ எந்தத் தெரு வழியாக ஊருக்குள் நுழைகிறாய் என்பதை முதல் நாளே யோசி.

கையெழுத்து வாங்குவது இன்னொரு தொல்லை. ஆய்வு நெறி பாடத்தில் அமெரிக்காவின் டஸ்கிகீ ஆய்வு வரும். 1932இலிருந்து 1972 வரை, சிஃபிலிஸ் நோய் கண்ட ஏழைக் கறுப்பினத்தவர்களிடம் உண்மையைச் சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல் வேடிக்கை பார்த்த ஆய்வு. அதற்குப் பிறகுதான் 1979இல் ஆய்வு நெறிகளை வகுத்த பெல்மான்ட் அறிக்கை அங்கே வந்து, சம்மதம் கேட்பது இத்தனை கெடுபிடியானது. காரணம் நியாயமானது. ஆனால் நம் ஊரில் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் கடன் பத்திரமோ நிலப் பத்திரமோ என்று வயிறு கலங்கும். படித்துக் காட்டி, வாய்மொழியாகச் சம்மதம் வாங்கி, தேதியோடு நீ குறித்துக்கொள். ‘வேண்டாம்னா வேண்டாம், உங்க குழுக் கடனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை’ என்று சொல்லு.

நடுநிசி_பிஎச்டி

உட்கார்ந்து பேசுவதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பத்துப் பெண்களின் கதையை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? என் கைடு ‘அது கதை சேகரிப்பு’ என்பார்.

களத்துமேடு

எத்தனை பேர் என்பதற்குப் பத்துக் கதை பதில் சொல்லாது. எப்படி, ஏன் என்பதற்கு உங்கள் 384 பதில் சொல்லாது. மிச்சமான டிக்கெட் காசு யார் கையில் நிற்கிறது என்று தாளில் கேட்டுப் பாருங்கள், ‘குடும்பச் செலவுக்கு’ என்று ஒரே விடைதான் வரும். உட்கார்ந்து பேசினால்தான் ‘அவருக்குத் தெரியாம சீட்டுக் கட்டறேன்’ என்று வரும், அதுவும் அவர் எழுந்து போன பிறகு.

உங்கள் கைடுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களை வைத்துக் கிராமங்களைக் கணக்கெடுத்தார். அதில் ஒன்று இருவேல்பட்டு, தென்பெண்ணை வேலை பார்க்கும் அதே விழுப்புரம் மாவட்டம். 1930களில் அங்கே திரும்பப் போனார்கள், 1980களில் போனார்கள், 2008இலும் போனார்கள். நிலம் யார் யார் கைக்கு மாறியது என்று எண்ணவும் செய்தார்கள், உட்கார்ந்து பேசவும் செய்தார்கள். எண் தனி, கதை தனி என்று அவர்கள் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

நடுநிசி_பிஎச்டி

இருவேல்பட்டு பற்றித் தெரியாது அக்கா. தேடிப் படிக்கிறேன். மாவட்ட ஒட்டுறவு யோசனையை வாபஸ் வாங்கவில்லை, பின்னணிக்கு ஒரு அட்டவணையாகப் போடலாம் என்றே இன்னும் நினைக்கிறேன்.

புள்ளிமான்

பின்னணிக்கு என்றால் தாராளமாக.

தென்பெண்ணை

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு முடிவு: ஆம்ஸ்டர்டாம் வகுப்பில் சேர்ந்துவிட்டேன், கிரேக்கர்களைப் பொறுத்துக்கொள்வேன். ஒவ்வொரு வாரமும் அந்தப் பாடத்தை இந்த பஸ் கேள்வியில் வைத்துப் பார்த்து ஒரு பக்கம் எழுதுவேன். எங்கள் நிறுவனம் போகாத ஊர்களில், டவுன் பஸ் உள்ளதும் இல்லாததுமாகக் குலுக்கி எடுக்கிறேன். ஊருக்குள் வாக்காளர் பட்டியலோடு, புதிதாக வந்த மருமகள்களை வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்கிறேன். தாளில் கேள்விகள் குறைவு, சிலரோடு மட்டும் நீளமாகப் பேச்சு. சான்றிதழ் பற்றிக் கேட்டேனே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பரவாயில்லை, சொல்லாததிலேயே தெரிந்துவிட்டது.

முதல் கேள்வி இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்: ‘இலவசப் பேருந்து வந்த பிறகு நீங்கள் அதிக தூரம் சென்று அதிகச் சம்பளத்தில் வேலை செய்கிறீர்களா?’

களத்துமேடு

ஒரே வாயில் மூன்று கேள்வி கேட்கிறாய். தூரம் போனவளுக்குச் சம்பளம் கூடாமல் இருந்திருக்கலாம், அவள் ஆமாம் என்பாளா இல்லை என்பாளா? ‘இலவசப் பேருந்து வந்த பிறகு’ என்று தொடங்கி விடையையும் நீயே ஊட்டிவிட்டாய். நேற்று எங்கே வேலைக்குப் போனீங்க, எதில் போனீங்க, எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க, கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேள். இலவச பஸ் என்ற பேச்சைக் கடைசியில் எடு. தெரிந்த நாலைந்து பேரிடம் முதலில் கேட்டுப் பார்த்துவிட்டு, அவர்கள் எந்த இடத்தில் ‘என்ன கேட்கறீங்க?’ என்று திருப்பிக் கேட்டார்கள் என்பதை இங்கே எழுது, பார்க்கலாம்.

வல்லைவெளி

‘நேற்று’ ஞாயிறா வந்தா என்ன செய்வீங்கள்? ‘கடைசியா வேலைக்குப் போன நாள்’ எண்டு கேளுங்கோ.